அண்ணாந்து குடித்தது

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைத் தட்டச்சுச் செய்யப்போகும் பிள்ளையிடம்தான் கேட்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மண் போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் விலாசமும் கையொப்பமும்தான். பிழைகளைக் கண்டால் என்னிடம் கேட்காமலே திருத்திவிடுங்கள். நடந்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

எழுதச் சொன்னது நான் வேலை செய்யும் நிலையத்தில் சமைக்கும் பெண். அவளும் யாழ்ப்பாணத்தாள்தான், இங்கே ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் பக்கம் இருக்கிறாள். தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு ஆட்களிடம் கட்டுரை வாங்கிக் கொடுப்பது அவள் பொறுப்பு. "நீங்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டியள் அண்ணை. எழுதியாவது தாங்கோ" என்றாள். அவள் கேட்டு ஒரு வருடமாகிறது.

நான் ஒஸ்லோவில் முதியோர் பகல் நிலையம் ஒன்றில் சாரதி. காலையில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைச் சிறிய பஸ்ஸில் ஏற்றி வருவேன். பின்னேரம் கொண்டுபோய் விடுவேன். பஸ்ஸை எடுக்க முன்னர் ஒரு கறுப்புக் கருவியில் ஊத வேண்டும். மூச்சில் மது இல்லை என்றால் பச்சை விளக்கு எரியும், இயந்திரம் எடுக்கும். இருந்தால் சிவப்பு எரியும், பஸ் அசையாது. எனக்கு அந்த ஊதல் காலையில் பல் விளக்குவது போன்ற ஒரு வேலை. நான் குடிப்பதில்லை. அதற்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. ஊரை விட்டு வந்தபோது குடிக்கும் வயதில்லை. இங்கே வந்த பிறகு, நாலு பேருக்கு முன்னால் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே தலை நரைத்துவிட்டது.

போன வருடக் கோடையில் நிலையத்தின் பொறுப்பாளர் ஒரு பயணம் ஒழுங்கு செய்தார். இளம் நோர்வேஜியப் பெண். கடற்கரை ஓரமாகப் போய், லார்விக்குக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் இறால் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் வைன் செய்யும் தோட்டம் ஒன்றில் ருசி பார்ப்பது என்று திட்டம். இந்த வயதுக்காரரை அவ்வளவு தூரம் கொண்டுபோவதற்கு மேலிடத்தில் தயங்கினார்களாம். அவர் வாதாடி அனுமதி வாங்கியிருந்தார். "ஏதாவது பிசகினால் இதுவே கடைசிப் பயணமாகிவிடும்" என்று என்னிடமும் சமையல்காரப் பெண்ணிடமும் சொன்னார். அவர் சொன்னது சாதாரணமாகத்தான். எனக்கு அன்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை.

புறப்பட்ட காலையில் நல்ல வெயில். பஸ்ஸில் ஆறு முதியவர்கள், பொறுப்பாளர், சமையல்காரப் பெண், நான். எனக்குப் பின் இருக்கையில் ஒரு கிழவி. எப்போதும் அங்கேதான் இருப்பார். நான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தொண்டையைச் செருமுவார். அவருக்குப் பக்கத்தில், பல வருடம் கப்பலில் வேலை செய்த ஒரு கிழவர். காது அவ்வளவாகக் கேட்காது, அதனால் எல்லாவற்றையும் உரத்துச் சொல்வார்.

பெருந்தெருவில் இருக்கும்வரை பயமில்லை. அதை விட்டு இறங்கிய பிறகு தெரு ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல். எதிரே வாகனம் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். உள்ளே எல்லோரும் "அங்கே பார், இங்கே பார்" என்று கடலைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். பாய்க்கப்பல் போகிறது என்றார்கள். சிவந்த பாறையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள் என்றார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. என் கண் வெள்ளைக் கோட்டிலேயே இருந்தது. இத்தனை வருடம் பஸ் ஓட்டியும், பின்னால் இருப்பவர்களின் எலும்பு எவ்வளவு மெல்லியது என்ற நினைப்பு என்னை விடுவதில்லை.

மீன்பிடிக் கிராமம் மிகச் சின்னது. வெள்ளை மரவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. துறையில் நாலைந்து வள்ளங்கள். ஒரு வள்ளத்தில் இறாலைப் பிடித்த கையோடு கடல் தண்ணீரிலேயே அவித்து விற்றார்கள். நாங்கள் பலகை மேசைகளில் இருந்து, தோலை உரித்து, பாண் துண்டில் வைத்து எலுமிச்சம்புளி விட்டுச் சாப்பிட்டோம். சமையல்காரப் பெண் என் காதோரம் வந்து, "கறித்தூளும் இல்லை, மிளகும் இல்லை. இதை எப்பிடி அண்ணை இவ்வளவு சந்தோசமாச் சாப்பிடுதுகள்?" என்றாள். எனக்கு அது ருசியாகத்தான் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நல்ல உப்பு. தண்ணீர்ப் போத்தலை பஸ்ஸில் விட்டிருந்தேன். பஸ்ஸுக்குத் திரும்பி வந்தபோது அது வெறுமையாக இருந்தது. கப்பல்காரக் கிழவர் மாத்திரை போட எடுத்துக் குடித்துவிட்டாராம்.

அதனால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

தோட்டம் கடலைப் பார்த்த ஒரு சரிவில் இருந்தது. பெரும்பாலும் அப்பிள் மரங்கள், மேலே வெயில் படும் பக்கத்தில் சில வரிசை திராட்சைக் கொடிகள். தோட்டக்காரர் தாடி வைத்த ஒரு மனிதர். பழைய களஞ்சியத்தில் நீள மேசை போட்டு, ஒவ்வொருவருக்கு முன்னும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்திருந்தார். ஒவ்வொரு போத்தலுக்கும் நீண்ட கதை சொன்னார். முதியவர்கள் மணந்து பார்த்து, கிண்ணத்தைச் சுழற்றி, வாய்க்குள் வைத்து யோசித்தார்கள். சாரதிக்கும் சமையல்காரப் பெண்ணுக்கும் அப்பிள் ஜூஸ் என்று சொல்லி, மேசையின் அந்தத்தில் ஒரு கண்ணாடி ஜக்கை வைத்தார். அதே மாதிரி இன்னொரு ஜக்கும் அங்கே நின்றது. அது முந்தின வருடத்து அப்பிள் வைன், இன்னும் வடிக்காதது. இரண்டும் கலங்கல் மஞ்சள். இது எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அப்போது நான் ஜக்கைப் பார்த்தேனே தவிர எத்தனை ஜக்கு என்று பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் கிண்ணம் குறைந்துவிட்டது. எடுத்து வருகிறேன் என்று தோட்டக்காரர் வீட்டுக்குள் போனார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஜக்குக்கு நீட்டின மூக்கு இருந்தது, ஊரில் தண்ணீர் குடிக்கும் எங்கள் மூக்குப்பேணி மாதிரி. எனக்குப் பிறகு சமையல்காரப் பெண்ணும் அதிலேதான் குடிக்க வேண்டும். எச்சில் பண்ணக்கூடாது. அதனால் கை தானாகவே உயர, அண்ணாந்து, வாய் படாமல் ஊற்றிக் குடித்தேன்.

மேசை முழுக்க அமைதியானது. பிறகு கப்பல்காரக் கிழவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஒரு மனிதன் உதட்டில் படாமல் தொண்டைக்குள் ஊற்றுவதை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டார்கள். பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை கதைக்காத கிழவியும் கையைத் தட்டிக் கேட்டார். எனக்கு முகமெல்லாம் கூச்சம். ஆனாலும் அந்த வயதானவர்கள் சிரிப்பதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. மேலும் உயரத்தில் பிடித்து, மறுபடியும் குடித்தேன். மூன்றாம் தரமும் குடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தோட்டக்காரர் கிண்ணங்களோடு வந்து, சிரித்துக்கொண்டே ஜக்குகளை எடுத்து ஓரமாக வைத்தார். சமையல்காரப் பெண், நான் குடித்து முடித்ததும், தன் பங்கைத் தான் தேநீர் குடித்த கோப்பையில் ஊற்றி வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மணந்து பார்த்தாள். பிறகு மெல்ல என் பக்கம் சரிந்து கேட்டாள்.

"அண்ணை, இது ஜூஸ்தானே?"

"ஓம். ஏன்?"

"புளிக்குது. உங்களுக்குப் புளிக்கேல்லையோ?"

எனக்கு ருசி தெரியவில்லை. அண்ணாந்து குடிக்கும்போது நாக்கில் எங்கே நிற்கிறது, நேரே தொண்டைக்குள் போய்விடுகிறது. இறாலின் உப்பு வேறு வாயில் இருந்தது. அவளுடைய கோப்பையை வாங்கி மணந்தேன். அப்பிள் மணந்தது. கொஞ்சம் புளித்த மணமும் இருந்தது போலப் பட்டது. வைன் எப்படி மணக்கும்? எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் தெரியாது. அவளும் குடிப்பவள் இல்லை. கோப்பையை நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி மணந்துகொண்டு இருந்தோம். அதற்குள் தேயிலை மணமும் இருந்தது.

மூத்திரம் போகிற சாட்டில் வெளியே வந்தேன். காது இரண்டும் சுட்டன. நெஞ்சு அடித்தது. இது குடியா, பயமா? குடித்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்கு வேறுபாடு தெரியும். வாகனம் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து பார்த்தேன். ஒழுங்காகத்தான் நடந்தேன். திரும்பி நடந்தபோது கால் தடுமாறியது. அது சரளைக்கல்லாலும் இருக்கலாம்.

பஸ்ஸில் ஏறி என் இருக்கையில் இருந்தேன். கறுப்புக் கருவி முன்னால் தொங்கியது. ஊதிப் பார்த்துவிடலாம். பச்சை வந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. சிவப்பு வந்தால் அது கருவியில் பதிந்துவிடும். இந்த நாட்டில் வண்டி ஓட்டுபவனுக்கு ஒரு கிண்ணம்கூடப் பெரிய விசயம். அனுமதிப்பத்திரம் போகும், பயணிகளை ஏற்றும் அட்டை போகும். எனக்கு வேறு படிப்பு இல்லை. அந்த அட்டைதான் என் படிப்பு. அது போனால் இந்த வயதில் நான் என்ன செய்வேன்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. பச்சை வந்தாலும் நம்ப முடியாது. சாரதிகளுக்கான வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள், குடித்த உடனே முழுவதும் காட்டாது, நேரம் போகப் போகத்தான் இரத்தத்தில் ஏறும் என்று. இப்போது பச்சை எரிந்து, அந்த ஒடுங்கின தெருவில், பாறைக்கும் கடலுக்கும் நடுவில் அது என் தலையில் ஏறினால்? பின்னால் ஆறு பேர். கிழவி தொண்டையைச் செருமும் சத்தம் எனக்கு அப்போதே கேட்டது.

சமையல்காரப் பெண் வந்து பஸ் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து படியில் இருந்தாள்.

"ஊதப் போறியளே?"

"பச்சை வந்தாலும் ஓட ஏலாது, பிள்ளை."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? குடிச்சனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது எண்டா, ஆர் நம்பப் போகினம்?"

அவள் பஸ் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு, "அண்ணிக்கு நான் என்ன சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன். உங்கடை மனுசன் கிழடுகளுக்கு முன்னாலை ஜக்கோடை நிண்டு குடிச்சவர் எண்டு சொல்லவோ?" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஜக்கை முதலில் என் பக்கம் நகர்த்தியது அவள்தான். அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு நோர்வேஜிய மொழி வரும். ஆனால் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றால் வராது. இறங்கி, களஞ்சியத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று, சொல்லவேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே பொறுப்பாளர் ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சாரதி என்ற நம்பிக்கையில்தான் அவர் குடித்தார். நான் இல்லை என்றால் பஸ்ஸை ஓட்ட அங்கே ஒருவரும் இல்லை.

அவருக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த நேரம் பார்த்து மேசை அமைதியாகிவிட்டது.

"நான் இன்றைக்கு ஓட்ட மாட்டேன். ஜக்கில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது."

பொறுப்பாளரின் முகத்தில் சிரிப்பு நின்றது. கிண்ணத்தை மேசையில் வைத்தார். தோட்டக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தார். ஜக்குகள் இரண்டும் வீட்டுக்குள் போய்க் கழுவப்பட்டுவிட்டன. அது ஜூஸாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பிறகு, அப்படித்தான் நினைக்கிறேன் என்றார். பொறுப்பாளர், நிச்சயமா என்று கேட்டார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போது கிழவி என்னைக் கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"குடித்தாயா, இல்லையா? வைனா ஜூஸா என்று ஒரு வளர்ந்த மனிதனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?"

இதுதான் நான் பயந்த கேள்வி. பொறுப்பாளரும் என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவருடைய கண்ணிலும் அதே கேள்வி இருந்தது. ஒளித்துக் குடித்துவிட்டு, மாட்டப்போகிறோம் என்று இப்படிச் சொல்கிறானோ என்ற கேள்வி. கதவடியில் நின்ற சமையல்காரப் பெண்தான் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எனக்கும் தெரியாது, நானும் வாழ்நாளில் குடித்ததில்லை, இதில் மிச்சம் இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்றாள்.

பொறுப்பாளர் குடித்துப் பார்த்தார். தேயிலை ருசிதான் தெரிகிறது என்றார். கப்பல்காரக் கிழவர் மிச்சத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நல்லாயிருக்கிறது, இன்னும் இருக்கிறதா என்று உரத்துக் கேட்டார். இருந்த ஒரே சாட்சியும் அவர் வயிற்றுக்குள் போய்விட்டது.

பொறுப்பாளர் முற்றத்துக்குப் போய் நீண்ட நேரம் தொலைபேசியில் கதைத்தார். இன்னொரு நிலையத்துச் சாரதி ரயிலில் லார்விக்வரை வந்து, அங்கிருந்து டாக்ஸியில் வருவது என்று முடிவானது. ஒவ்வொருவரின் வீட்டுக்கும் பிந்தும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரவு மருந்து போட வரும் தாதிகளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கிழவியின் மகள் இரவுச் சாப்பாடு சமைத்துவைத்துக் காத்திருந்தாராம். கிழவி அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. தோட்டக்காரரின் மனைவி சூப்பும் பாணும் கொண்டுவந்தார். போர்வைகள் கொண்டுவந்தார். முதியவர்களுக்குக் கால் கடுத்தது, குளிர்ந்தது, ஒருவர் களைத்துப்போய் மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டார். அவர்கள் ஒவ்வொருவரும் அசையும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் குத்தியது. நான் ஓட்டியிருந்தால் இதற்குள் வீட்டில் இருப்பார்கள். ஓட்டியிருந்தால் வேறு என்னவும் நடந்திருக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் அப்பிள் மரங்களுக்கு அடியில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன்.

மற்றச் சாரதி வந்து, கருவியில் ஊதி, பஸ்ஸை எடுத்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். கப்பல்காரக் கிழவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். பெல்ட் போட்டதும் என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். கோடை வெளிச்சம் இன்னும் போகவில்லை. தெரு ஒடுங்கியது, கடல் வந்தது. காலையில் அதே வழியால் வந்தும் நான் பார்க்காத கடல். பாறைகளின் அடியில் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. வள்ளம் ஒன்று துறையை நோக்கிப் போனது, பின்னால் பறவைகள். இவ்வளவு அழகான இடத்தை நான் கையில் வியர்வையோடு கடந்து போயிருக்கிறேன். இப்போதும் பயம் விடவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகும் என்பதுதான் ஒவ்வொரு வளைவிலும் வந்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் வாயை மணந்து பார்த்தாள். இறால்தான் மணக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மனைவி அழுத்தித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், கடைசி நாள் மரியாதையாக இருக்கட்டும் என்று. அவர் இருக்கச் சொன்னார். தோட்டத்துக்கு மறுபடியும் கதைத்தாராம். தோட்டக்காரர் இன்னும் 'ஜூஸாக இருக்கலாம்' என்றுதான் சொல்கிறாராம். பொறுப்பாளர் மேலிடத்துக்கு எல்லாவற்றையும் நடந்தபடி சொல்லிவிட்டாராம், சாரதி ஊத முன்னரே தானாக வந்து சொன்னார் என்பதையும். பிறகு, அன்றைக்கு ஒரு கணம் உன்னைச் சந்தேகித்தேன், அதற்காக வருந்துகிறேன் என்றார். மேசையில் இருந்த பஸ் சாவியை என் பக்கம் தள்ளினார். எழுந்து சாவியை எடுத்தேன். கீழே போய் பஸ்ஸில் ஏறி ஊதினேன். பச்சை வந்தது. சாவியைத் துளைக்குள் போட்டுத் திருப்பினேன்.

ஜக்கில் இருந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு முறை வைன் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சமையல்காரப் பெண் சொல்கிறாள். நான் பார்க்கப் போவதில்லை.

இந்த வருடமும் அதே பயணம் போகிறோம். மேலிடம் மறுக்கவில்லை. வருகிறேன் என்று முதலில் சொன்னது கிழவி. எனக்குப் பின் இருக்கைதான் வேண்டும், நான்தான் ஓட்ட வேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்காரப் பெண் எனக்கென்று ஒரு எவர்சில்வர் போத்தல் வாங்கித் தந்திருக்கிறாள். "இதுக்குள்ளை இருக்கிறதை மட்டும் குடியுங்கோ. இதை ஒருத்தரும் கேக்க மாட்டினம், வாய் வைச்சே குடிக்கலாம்" என்றாள். அதில் தண்ணீர் நிரப்பி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இப்போதுதான் பார்த்துவிட்டு வந்து இதை எழுதி முடிக்கிறேன். நாளைக் காலை புறப்பாடு.

அம்மருட், ஒஸ்லோ, ஓகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை.